ஆட்டிசத்தை உறுதிசெய்யும் உயிரியல் குறியீடு இருக்கிறதா? பரிசோதனைகளுக்குப் பணம் கட்டும் முன் ஒரு தந்தையின் கேள்வி

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது இரண்டேகால் வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடுவான். சமையலறையிலிருந்து பாத்திர மூடி ஒன்றை எடுத்துவந்து தரையில் சுழலவிட்டு, அது ஆடி அடங்கும் வரை கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுடைய அன்றாட விளையாட்டு. ஒன்றரை வயதில் சொல்லிக்கொண்டிருந்த ‘அம்மா’, ‘தா’, ‘காக்கா’ ஆகிய மூன்று சொற்களும் இப்போது அவன் வாயில் வருவதில்லை.

எங்கள் குழந்தை மருத்துவர் முதலில் காது கேட்கும் திறனை அறியப் பெரா பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் குறை எதுவும் இல்லை. பிறகு எம்-சாட் என்ற இருபது கேள்விகள் கொண்ட படிவத்தை எங்களிடம் கேட்டு நிரப்பினார். மதிப்பெண் பதினொன்று வந்தது. குழந்தை வளர்ச்சி சிறப்பு மருத்துவரிடம் காட்டும்படி எழுதிக் கொடுத்து, அதுவரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடுமாறும் சொன்னார். சிறப்பு மருத்துவரைப் பார்க்க இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் சொல்லி ஒரு தனியார் மையத்துக்குப் போயிருந்தோம். நடத்தையைப் பார்த்து முடிவு செய்வது பழைய முறை என்றும், இப்போது ‘பயோமார்க்கர்’, அதாவது உடலில் அளந்து பார்க்கக்கூடிய உயிரியல் குறியீடு, வழியாகவே ஆட்டிசத்தை உறுதிசெய்யலாம் என்றும் அங்கே சொன்னார்கள். தலைமுடியில் கன உலோகங்கள், ஒரு மாத்திரை கொடுத்தபின் எடுக்கும் சிறுநீர், வண்ணப் படமாக வரும் மூளை வரைபடம், குடல் நுண்ணுயிர்களுக்காக மலப் பரிசோதனை, இவற்றோடு ஒரு மரபணுப் பரிசோதனை என ஐந்தையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் கேட்கிறார்கள். பணத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் சர்க்கரை நோய்க்கு இரத்தத்தைப் பார்ப்பதுபோல ஆட்டிசத்துக்கும் ஒரு பரிசோதனை உண்மையிலேயே இருந்தால், எங்கள் மருத்துவர் ஏன் அதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த ஐந்தில் எதற்காவது அறிவியல் அடிப்படை உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தளிர்நடை எழுதியது:

ஐயா, நான் குழந்தை வளர்ச்சித் துறையில் பணிபுரியும் மருத்துவர். உங்கள் குழந்தை மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. காதைப் பார்த்தது, படிவத்தை நிரப்பியது, ஆட்டிசம்தானா என்று உறுதியாகும் வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கச் சொன்னது என்று அவர் செய்த வரிசை அப்படியே சரியானது. அந்தப் படிவத்தில் எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேரடியாகச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதுதான் விதி.

ஆட்டிசத்தை இன்று உலகில் எந்த நாட்டிலும் இரத்தத்தைக் கொண்டோ மூளைப் படத்தைக் கொண்டோ உறுதிசெய்வதில்லை. குழந்தை பிறருடன் எப்படித் தொடர்பு கொள்கிறது, கண்ணால் எதைத் தேடுகிறது, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, ஒரே செயலில் எவ்வளவு தோய்கிறது என்பவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும் முடிவு செய்வதே இன்றுவரையிலான அளவுகோல். நம் நாட்டில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐசா அளவுகோலும் நாற்பது கூறுகளில் நடத்தையையும் திறன்களையும்தான் மதிப்பிடுகிறது. ஒரு சொட்டு இரத்தம்கூட அதற்குத் தேவையில்லை.

உயிரியல் குறியீட்டைத் தேடவில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. தேடல் மிகப் பழையது. 1943-இல் லியோ கானர் பால்டிமோரில் தாம் பார்த்த பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, அவர்களில் ஐவருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததைக் குறித்து வைத்தார். 1961-இல் ஷெயின், ஃப்ரீட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் இரத்தத்தில் செரடோனின் என்ற வேதிப்பொருள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஆட்டிசத்தில் உயிரியல் குறியீடு என்று சொல்லத்தக்கதாக முதலில் கிடைத்தது அதுதான். அதன்பின் எத்தனையோ ஆய்வுகள் அதை உறுதிப்படுத்திவிட்டன. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்த அளவு மிகுந்தே இருக்கிறது. இத்தனை உறுதியான கண்டுபிடிப்பு ஏன் பரிசோதனையாக மாறவில்லை என்றால், மீதி மூன்று பேருக்கு அது இயல்பாகவே இருக்கிறது. ஆட்டிசம் இல்லாத சிலருக்கும் அது மிகுந்திருக்கிறது. ஆயிரம் பேரின் சராசரியை இன்னோர் ஆயிரம் பேரின் சராசரியோடு ஒப்பிடும்போது தெளிவாகத் தெரியும் வேறுபாடு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாமல் போய்விடுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அரிசி, ஒரே உலை என்றால்தான் அது செல்லும். ஆட்டிசம் என்ற பெயரில் நாம் ஒரே பானையில் போட்டு வைத்திருப்பவை பல வகை அரிசிகள். 2025-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஸ்பார்க் என்ற ஆட்டிச ஆய்வுத் திட்டத்தில் பதிவான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் இயல்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, நான்கு உட்பிரிவுகளாகப் பிரிக்க முடிகிறது என்றும், அவற்றின் பின்னாலுள்ள மரபணுப் போக்குகளும் வேறு வேறு என்றும் காட்டினார்கள். உட்பிரிவுகளே இப்போதுதான் துலங்கத் தொடங்கியிருக்கின்றன. அனைத்துக்கும் பொதுவான ஒரே குறியீடு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். தலைமுடி உலோகப் பரிசோதனையையும், மாத்திரை கொடுத்தபின் சிறுநீர் எடுப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த மாத்திரை உடம்பிலுள்ள உலோகங்களைப் பிடித்திழுத்துச் சிறுநீரில் தள்ளும் மருந்து. அதைக் கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோக அளவு ஏறத்தான் செய்யும். மருந்து கொடுக்காத நிலைக்கென வகுத்த அளவுகோலோடு அதை ஒப்பிட்டுச் சிவப்பு மையில் ‘மிகுதி’ என்று அச்சடித்துத் தருவார்கள். இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் வல்லுநர் அமைப்பு வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அடுத்த படியாக ‘கீலேஷன்’ என்ற உலோக நீக்கச் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள் என்பதே என் அச்சம். 2005-இல் பென்சில்வேனியாவில் அந்தச் சிகிச்சையின்போது ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான்.

ஆனால் உங்கள் மகன் மண், சுவர்ச் சுண்ணாம்பு, பெயிண்ட் முதலியவற்றை வாயில் போடுபவனாக இருந்தால், சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது நியாயமான பரிசோதனை. அது ஆட்டிசத்தைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. ஈயம் உடலில் சேர்ந்திருந்தால் அது தனியே கவனிக்கப்பட வேண்டிய நஞ்சு என்பதற்காக.

மூளை வரைபடம் என்பது இ.இ.ஜி. எனும் மூளை மின்னலைப் பதிவைக் கணினி வண்ணமிட்டுக் காட்டுவது. வலிப்பு போன்ற அறிகுறி இருந்தாலோ, உறக்கத்தில் ஏதேனும் ஐயம் தோன்றினாலோ சாதாரண இ.இ.ஜி. எடுக்கலாம், ஆட்டிசத்தோடு வலிப்பு சேர்ந்து வருவது அரிதன்று. ஆட்டிசத்தை உறுதிசெய்ய அந்த வண்ணங்களுக்குத் தகுதி இல்லை. குடல் நுண்ணுயிர் ஆய்வும் சுவையான ஆராய்ச்சிப் பொருள்தான். ஆனால் தயிர்ச்சோறு தவிர வேறெதையும் தொடாத குழந்தையின் குடலில் நுண்ணுயிர்கள் குறைவான வகைகளாக இருந்தால், அது ஆட்டிசத்தின் காரணமா, அந்த உணவுப் பழக்கத்தின் விளைவா என்பதே இன்னும் தீராத வழக்கு.

மரபணுப் பரிசோதனை மட்டும் வேறு கதை. அதை இத்துறையில் இருப்பவர் யாராவது எழுதினால் நல்லது.

புள்ளிக்கணக்கு எழுதியது:

மருத்துவர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்க விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன், புள்ளியியல் கற்பிப்பவன். ‘தொண்ணூற்றிரண்டு விழுக்காடு துல்லியம்’ என்று விளம்பரத்தில் வந்தால் நாம் அனைவரும் மயங்கிவிடுகிறோம். அந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

2018-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு ‘ஆட்டிசத்துக்கு முதல் இரத்தப் பரிசோதனை’ என்று உலகமெங்கும் செய்தியானது. இத்தாலியில் ஆட்டிசம் உள்ள 38 குழந்தைகளையும் இல்லாத 31 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, இரத்தப் புரதங்களில் ஏற்பட்ட சேத அடையாளங்களை அளந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் 92 விழுக்காட்டினரையும், இல்லாதவர்களில் 84 விழுக்காட்டினரையும் அந்தக் கணிப்பு சரியாகப் பிரித்தது. ஆய்வு நேர்மையானதே. செய்தித் தலைப்புதான் அவசரப்பட்டுவிட்டது.

அதே பரிசோதனையை ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதாக வைத்துக்கொள்வோம். நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று கொண்டால், ஆயிரம் குழந்தைகளில் பத்துப் பேருக்கு இருக்கும். அவர்களில் ஒன்பது பேரைப் பரிசோதனை பிடித்துவிடும். மீதி 990 பேரில் நூற்றுக்குப் பதினாறு பேரைத் தவறாகப் பிடிக்கும். அதாவது 158 பேர். ஆக ‘இருக்கிறது’ என்ற முடிவோடு வீட்டுக்கு வரும் 167 குடும்பங்களில் 158 குடும்பங்கள் காரணமின்றி அழுதுகொண்டிருக்கும். இதே பரிசோதனையை ஆட்டிசம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகளுக்கு மட்டும் செய்தால் நிலைமை மாறும். அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஆட்டிசம் வருவதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயிரம் பேரில் 200 பேருக்கு இருக்க, 184 பேர் சரியாகவும் 128 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். பரிசோதனை அதேதான், அது எடுத்துக்கொண்ட கூட்டம் மாறியதால் விடையின் மதிப்பு மாறிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் இருந்த குழந்தைகள் ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையானவர்கள். ஆட்டிசம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களை, எந்தக் குறையும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். உங்கள் மருத்துவரின் முன்னாலுள்ள கேள்வி அதுவன்று. இரண்டு வயதில் பேச்சு வராத ஒரு குழந்தைக்கு ஆட்டிசமா, பேச்சுத் தாமதம் மட்டுமா, அறிவுவளர்ச்சிக் குறைவா என்று பிரித்தறிவதே அவருக்குத் தேவை. பகலையும் இரவையும் பிரித்துக் காட்டும் கருவி, விடியலில் மணி என்ன என்று சொல்லிவிடாது.

நெசவுநகர் எழுதியது:

மேலே இருவரும் கூறியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் முடிவு சற்று அவநம்பிக்கையாக இருக்கிறது. நான் கணினிப் பார்வைத் துறையில் வேலை செய்கிறேன். கண் அசைவை அளக்கும் முறை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை.

அட்லாண்டாவிலுள்ள மார்க்கஸ் ஆட்டிசம் மையத்தின் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று அறியப்பட்ட குழந்தைகள் பிறந்த இரண்டாம் மாதத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே எதிரிலிருப்பவரின் கண்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இரண்டாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே படிப்படியாகக் குறையத் தொடங்கியது. தாயின் கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவைக் கருவி அளந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதே குழுவினர் உருவாக்கிய எர்லிபாயிண்ட் என்ற கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022-இல் அனுமதி கொடுத்தது. குழந்தைகள் விளையாடும் சிறு காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, பார்க்கும் குழந்தையின் விழி எந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்று அது பதிவு செய்கிறது. 16 மாதம் முதல் 30 மாதம் வரையான 475 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், வல்லுநர் முடிவோடு ஒப்பிடும்போது ஆட்டிசம் உள்ளவர்களில் 71 விழுக்காட்டினரையும் இல்லாதவர்களில் சுமார் 81 விழுக்காட்டினரையும் அது சரியாகச் சொன்னது.

சிறப்பு மருத்துவரைப் பார்க்க நண்பர் ஆறு வாரம் காத்திருக்கிறார். ஆறு மாதம் காத்திருப்போரும் இருக்கிறார்கள். வல்லுநர்களே இல்லாத ஊரில் இத்தகைய கருவி ஒரு பெரிய உதவிதானே?

தளிர்நடை எழுதியது:

நண்பர் நெசவுநகர் சொன்ன ஆய்வுகள் நானும் மதிப்பவை. அவநம்பிக்கை என் நோக்கம் அல்ல. ஆனால் நீங்கள் தந்த எண்களையே மீண்டும் பாருங்கள். நூறில் 71 பேரைக் கண்டுகொண்டது என்றால், ஆட்டிசம் உள்ள 29 குழந்தைகளை ‘இல்லை’ என்று அனுப்பியது என்று பொருள். அந்த 475 பேரும் தெருவிலிருந்து வந்தவர்கள் அல்லர். சிறப்பு மையங்களுக்கு வந்தவர்கள், ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. புள்ளிக்கணக்கு ஐயாவின் கணக்கு இங்கேயும் பொருந்தும். அந்தக் கருவிக்குக் கிடைத்த அனுமதியும் வல்லுநரின் கையில் துணைக்கருவியாக இருப்பதற்குத்தான். வல்லுநருக்குப் பதிலாக நிற்பதற்கு அல்ல. வல்லுநர் இல்லாத ஊரில் அதைத் தனியே வைத்தால் நேர்வது வேறு.

‘நோயா இல்லையா’ என்பது மட்டுமே உயிரியல் குறியீட்டின் வேலை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதே இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர். குறியீடுகளுக்கு வேறு வேலைகள் உண்டு: யாருக்குப் பின்னாளில் வரக்கூடும் என்று முன்னறிவது, எந்தச் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்று கணிப்பது, கொடுத்த சிகிச்சை உடலில் ஏதாவது மாற்றத்தை உண்டாக்கியதா என்று அளப்பது. ஆட்டிசத்தில் நம்பிக்கை தரும் வேலைகள் இவற்றில்தான் நடக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. மனித முகம் ஒன்றைப் பார்த்து 170 மில்லி விநாடி கழிந்ததும் மூளையின் பின்பக்கவாட்டில் ஒரு மின் அலை எழுகிறது. அதை என்170 என்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது சில மில்லி விநாடி தாமதமாக வருகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்பார்ட்லண்ட் தலைமையிலான கூட்டமைப்பு, ஆறு முதல் பதினொரு வயது வரையான ஆட்டிசம் உள்ள 280 குழந்தைகளிடமும் இல்லாத 119 குழந்தைகளிடமும் இதை அளந்தது. எஃப்.டி.ஏ. 2019-இல் இதை உயிரியல் குறியீடுகளின் தகுதியைச் சோதிக்கும் தன் திட்டத்துக்குள் எடுத்துக்கொண்டது. உள்ளே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் செய்தி, தகுதி பெற்றுவிட்டது என்பதல்ல. பத்திரிகைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அந்தக் கூட்டமைப்பு அனுமதி கேட்டதும் ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க அல்ல, மருந்து ஆய்வில் சேரும் குழந்தைகளை ஒத்த குழுக்களாகப் பிரிக்க.

அந்தப் பிரிவினை ஏன் தேவை என்பதற்கு ஆக்சிடோசின் கதை போதும். சமூக உறவை வளர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட அந்த ஹார்மோனை மூக்கில் தெளிப்பாக 290 குழந்தைகளிடம் பரிசோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவில், மருந்தில்லாத வெறும் தெளிப்பு பெற்றவர்களுக்கும் மருந்து பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. யாருக்குமே பயன்படவில்லையா, அல்லது ஒரு சிலருக்குப் பயன்பட்டது மற்றவர்களின் சராசரியில் கரைந்துபோயிற்றா என்று அந்த எண்களை வைத்து இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெற்றோர் நிரப்பும் படிவம் ஒன்றுதான் அளவுகோல் என்னும்போது, வெறும் தெளிப்பு பெற்ற குழந்தையும் ‘சற்றுத் தேவலை’ என்றே தோன்றிவிடுகிறது. அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முன்னறிதலுக்கு 2017-இல் வெளியான குழந்தை மூளைப் பட ஆய்வைச் சொல்லலாம். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள 106 குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், அவர்கள் இயல்பாக உறங்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளை மேற்பரப்பின் பரப்பளவு அந்த ஆறு மாதங்களில் மிகையாக விரிந்ததைக் கொண்டு, இரண்டாம் வயதில் யாருக்கு ஆட்டிசம் என்பதைக் கணித்தபோது, ‘வரும்’ என்று சொன்னவற்றில் 81 விழுக்காடு பலித்தது. பேச்சு வரும் வயதுக்கு முன்பே தெரிகிறது என்பது சாதாரண செய்தி அன்று. ஆனால் அவர்களில் ஆட்டிசம் உறுதியானவர்கள் பதினைந்து பேர் மட்டுமே. சிறிய எண், அண்ணன் அக்கா வழியில் வாய்ப்பு கூடுதலாக உள்ள வீடுகள். பொருநைக்கரை ஐயாவின் மகனுக்கு இதில் இன்று எந்தப் பயனும் இல்லை; இரண்டேகால் வயதில் அவனே நேரில் காட்டும் அடையாளங்கள் எந்தப் படத்தையும்விடத் தெளிவாக இருக்கின்றன.

மரபிழை எழுதியது:

நான் மரபியல் ஆலோசகர். மருத்துவர் அழைத்ததால் எழுதுகிறேன்.

ஆட்டிசத்தில் மரபின் பங்கு மிகப் பெரிது. ஐந்து நாடுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அது சுமார் 80 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஆனால் மரபு என்றால் ஒரு மரபணு என்று பொருள் அல்ல. 2020-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றே 102 மரபணுக்களை ஆட்டிசத்தோடு இணைத்தது. இவற்றைத் தவிர, தனித்தனியே மிகச் சிறிய பங்களிக்கும் எண்ணற்ற மாற்றங்கள் எல்லோரிடமும் சிதறிக் கிடக்கின்றன.

எனவே பரிசோதனையின் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆட்டிசம் என்று மருத்துவர் முடிவு செய்தபின், ‘இந்தக் குழந்தைக்கு ஏன் வந்தது’ என்று தேடுவதற்கே மரபணுப் பரிசோதனை. குரோமோசோம்களில் துண்டுகள் குறைந்தோ கூடியோ இருக்கின்றனவா என்று பார்க்கும் குரோமோசோம் மைக்ரோ அர்ரே எனப்படும் பரிசோதனையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு விடை கிடைக்கிறது. அதனோடு ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபு நிலைக்கான பரிசோதனையையும் சேர்த்துக் கேட்பது வழக்கம். எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று இருநூறு முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அந்நிலை ஏற்படும். அதன் விடை குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும், தாயின் சகோதரிகளுக்கும், அடுத்த மகப்பேற்றுக்கும் பொருள் உடையது. ஆட்டிசத்தில் இரத்தத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இத்தகைய காரணங்களே. ஆனால் அப்போதும் நாம் கண்டுபிடிப்பது காரணத்தை, ஆட்டிசத்தை அல்ல. பதினாறாவது குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்திருப்பது ஆட்டிசத்தின் அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே துண்டு குறைந்தும் ஆட்டிசம் இல்லாமல் வாழ்பவர்கள்தான் மிகுதி.

பரிசோதனையில் ஒன்றும் அகப்படாமல் போனால், ‘அப்படியானால் ஆட்டிசம் இல்லை’ என்று எண்ணிப் பயிற்சியை நிறுத்திவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் இடத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று வரும் தாள் பெரிய தீங்கு செய்துவிடுகிறது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது, தவறாக எண்ண வேண்டாம். தாய்மாமன் அல்லது அத்தை, மாமன் மகன் மகள் முறையில் நடந்த திருமணமா என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரு பக்கத்திலிருந்தும் ஒரே மாற்றம் வந்து சேரும் நோய்களின் வாய்ப்பு அப்போது கூடுகிறது. ஃபீனைல்கீட்டோன்யூரியா போன்ற சில வளர்சிதைமாற்றக் குறைகள் கவனிக்கப்படாமல் விட்டால் ஆட்டிசம் போன்ற தோற்றத்தைத் தரும், அவற்றில் சிலவற்றுக்கு உணவு முறையாலேயே சிகிச்சை உண்டு. அந்த விவரத்தைப் பொறுத்து எந்தப் பரிசோதனை என்பதே மாறும். எதுவும் கேட்காமல் ‘மரபணுப் பரிசோதனை’ என்று ஒரே வரியில் எழுதித் தருகிற இடத்தில், அந்தப் பரிசோதனையின் முழுப் பெயரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தனித்தடம் எழுதியது:

எனக்கு முப்பத்தோராம் வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. இந்தத் திரியில் எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள்; ஆனாலும் ‘கண்டுபிடிப்பது’ எதற்காக என்று கேட்க வேண்டியவர்களில் நாங்களும் உண்டு. 2021-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பத்தாயிரம் பேரின் மரபணுக்களைத் திரட்டும் ‘ஸ்பெக்ட்ரம் 10கே’ என்ற திட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தத் தரவு நாளை கருவிலேயே தேடி விலக்கும் பரிசோதனைக்குப் பயன்படாது என்பதற்கு என்ன உறுதி என்று ஆட்டிசம் உள்ளவர்கள் கேட்டதே அதற்குக் காரணம். ஆய்வாளர்கள் தங்கள் நோக்கம் அதுவன்று என்றார்கள். நோக்கம் அவர்களுடையது; குறியீடு ஒருமுறை கிடைத்துவிட்டால் அது யாருடைய கைக்கும் போகும்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி அல்லன். என் போன்றவர்களுக்கு உறக்கம் ஏன் வருவதில்லை, வலிப்பு யாருக்கு வரும், எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது என்பவற்றைச் சொல்லும் குறியீடு கிடைத்தால் முதல் ஆளாகக் கையை நீட்டி இரத்தம் கொடுப்பேன். பொருநைக்கரை அண்ணா, மூடி சுழன்று அடங்குவதை உங்கள் மகன் பார்க்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அது அடங்கும் கடைசி நேரத்தில் ஒலி விரைவாகிக்கொண்டே போய் சட்டென்று நிற்கும். நானும் சிறு வயதில் அதைக் கேட்பதற்காகவே சுற்றுவேன். ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொண்டு இன்னொரு மூடியைச் சுற்றிப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, சிறுநீர் எடுக்கும் முன் கொடுக்கும் மாத்திரையின் பெயரையும் மரபணுப் பரிசோதனையின் முழுப் பெயரையும் கேட்டேன். நேரில் வந்தால் விளக்குவதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டது. நானும் என் மனைவியும் அத்தை மகள், மாமன் மகன் உறவு. இதுவரை எந்த மருத்துவரிடமும் இதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

தனித்தடம் தம்பி சொன்னபடி நேற்று மாலை நானும் தரையில் படுத்து ஒரு மூடியைச் சுற்றினேன். அவன் முதலில் என் மூடியைத்தான் பார்த்தான். அது விழுந்ததும் எடுத்து என் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கொடுத்தான்.

சிறப்பு மருத்துவரிடம் போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று தளிர்நடை அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தளிர்நடை எழுதியது:

பெரா முடிவு, நிரப்பிய எம்-சாட் படிவம், பிறப்புக் குறிப்பு, தலைச் சுற்றளவு பதிந்த தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உறவுத் திருமணம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஒன்றரை வயதில் அவன் அந்த மூன்று சொற்களைப் பேசிய காணொளி உங்கள் கைபேசியில் எங்காவது இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அதோடு, நேற்று மூடியைக் கையில் கொடுத்தது போன்ற ஒரு தருணத்தையும் இரண்டு நிமிடம் பதிவு செய்து கொண்டுபோங்கள். மருத்துவமனை அறையில் அவன் அதைச் செய்ய மாட்டான்.